சிலோன் டீக்கு உலகம் பூரா பேரு, ஆனா மலையகத்துல பெக்டரி ஏன் மூடுது?

முக்கியமான காரணம் யாருக்கும் தோட்டத்து மேல அக்கறை இல்லாததுதான். 1972லயும் 75லயும் காணிச் சீர்திருத்தம்னு அரசாங்கம் தோட்டத்த எடுத்துச்சு, நட்டம்னு 1992ல கொம்பனிங்ககிட்ட குடுத்துச்சு, நெலம் அரசாங்கத்தோடது நடத்துறது மட்டும் கொம்பனி, குத்தகைக்காரன் எவன் கைக்காசப் போட்டு கெழட்டுத் தேயிலைய புடுங்கிட்டு புதுக்கன்னு நடுவான்? அது பலன் தரவே வருசக்கணக்காகும். கொழுந்து கொறைஞ்சா பெக்டரி எப்புடி ஓடும், சொல்லுங்க.

வெல? 1883ல இருந்து கொழும்பு ஏலத்துலதான். மூட்டையில கப்பலேறிப் போறத வெளிநாட்டுல பெக்கட் போட்டு பிராண்ட் ஒட்டுறவனுக்குத்தான் பெரிய லாபம். ஆனா எல்லாத்தையும் வெளிநாட்டுக்காரன் தலையிலயே கட்ட முடியாதுங்க, 2021ல ரசாயன உரத்த திடீர்னு தடை பண்ணுனது நம்ம கொழும்புதானே! அடுத்த வருசம் நாடே வங்குரோத்து, 2023ல ஐஎம்எஃப் கடன், 2024ல வற் வரி 18 வீதம். லயத்துல, அதான் தோட்டத் தொழிலாளிங்களோட வரிசை வீட்டுல, இருக்கிறவனும் கடையில அதே வரியத்தான் கட்டுறான்.

இதுக்கு நடுவுல மலையில, ஒரு நாளைக்கு இவ்வளவு பறிக்கணும்னு சொன்ன கிலோவுல கொஞ்சம் கொறைஞ்சாலும் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளந்தான் போடுவாங்க, மழையில கொழுந்து நனைஞ்சிருந்தா தண்ணிக்குன்னு தராசுலயும் கழிப்பாங்க.