மூன்றாவது வாரம்

அன்புள்ள சார்,

நான் பாலக்காட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைக்காரி. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டிசைனராக இருக்கிறேன். தோழிகள் இருவரோடு சேர்ந்து, வேலைக்குப் புதிதாகப் போகிறவர்கள் வரவு செலவையும் சேமிப்பையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆப் செய்துகொண்டிருக்கிறோம். தெரிந்தவர்கள் 14 பேரிடம் கொடுத்துப் பார்த்தோம். முதல் வாரம் டீ, பெட்ரோல், ரீசார்ஜ் என்று எல்லோரும் விடாமல் எழுதினார்கள். மூன்றாவது வாரம் எழுதியவன் ஒருவன்தான். அவன் என் தம்பி, அதுவும் எனக்குப் பயந்து.

வங்கி எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஆப்பே செலவைக் குறித்துக்கொள்ளும்படி செய்யலாமா, விடாமல் சேமிப்பவர்களுக்கு மாதம் ஒரு குலுக்கல் பரிசு வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் அம்மாவின் குறிப் புத்தகம் (குறி என்றால் நம் பக்கத்தில் சீட்டு) பற்றி முன்பு ஒரு கட்டுரை எழுதியிருந்தீர்கள். எழுதப் படிக்கத் திணறிய ஒருவர் வருடக்கணக்கில் விடாமல் கட்டியிருக்கிறார். டிகிரி முடித்த நாங்கள் ஏன் மூன்று வாரம் தாண்டுவதில்லை? எங்களுக்கு ஒழுக்கம் போதவில்லையா?

ச., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள ச.,

ஒழுக்கம் என்ற சொல்லை முதலில் கீழே வையுங்கள். அம்மாவிடமும் அது பெரிதாக இருந்ததில்லை. கையில் நாலு காசு தங்கினால் பொள்ளாச்சிக்கு பஸ் ஏறிவிடுவாள். அவள் குறி கட்டியதற்குக் காரணம், ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எங்கள் வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு நிற்கும் குறிக்காரர். “என்னங்கக்கா, இந்த வாரம் இல்லீங்களா?” என்பார். கேள்வி எங்கள் வீட்டுக்கு, சத்தம் நாலு வீட்டுக்கு.

அந்தக் கட்டுரையில் நான் எழுத விட்டது ஒன்று உண்டு. புத்தகத்தில் அம்மா கைப்பட ஒரு எழுத்துகூடக் கிடையாது. தேதி, தொகை, கையெழுத்து மூன்றும் குறிக்காரருடையவை. செலவு என்று ஒரு வரியும் இல்லை. எடுத்து வைத்தது மட்டும்தான் அதில் ஏறியது. உங்கள் ஆப் டீ குடித்தவனைக் கூப்பிட்டு டீ குடித்தாயா என்று கேட்கிறது. குடித்தது அவனுக்கே தெரியும். மாதக் கடைசியில் வட்டப்படம் போட்டு, வெளியே தின்றது இத்தனை சதவீதம் என்று காட்டினால் அவன் சாப்பாட்டைக் குறைப்பானா, ஆப்பைத் திறப்பதைக் குறைப்பானா? என் நண்பர் ஒருவர் சர்ச்சில் செய்த பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கே வருடம் ஒருமுறைதான் போகிறார். நீங்கள் தினம் மூன்று வேளை கூப்பிடுகிறீர்கள்.

எஸ்எம்எஸ் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. ஐபோனில் மற்ற ஆப்கள் எஸ்எம்எஸ் பெட்டியைப் படிக்கவே முடியாது. ஆண்ட்ராய்டில் முடியும், ஆனால் கூகுள் பிளே அதற்குத் தனி அனுமதி கேட்கும். 2022இல் வந்த யுபிஐ லைட்டில், முன்பே ஏற்றிய பணத்திலிருந்து கட்டும் சில்லறைச் செலவு வங்கிக் கணக்கில் ஒவ்வொன்றாகப் பதிவதுமில்லை. லைட்டில் பணம் ஏற்றிய ஒரே வரிதான் இருக்கும், அந்தப் பணத்தில் குடித்த பத்து டீயும் இருக்காது. முறையான வழி 2021இல் நடைமுறைக்கு வந்த அக்கவுண்ட் அக்ரிகேட்டர். ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்றவர்கள் வழியாக, கணக்குக்காரர் சம்மதித்த விவரம் மட்டும், சம்மதித்த காலத்துக்கு மட்டும் வரும். மூன்று பேர் சேர்ந்து நடத்தும் ஆப்புக்கு அது பெரிய ஏணி, இப்போதைக்கு வேண்டாம்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. எஸ்எம்எஸ் படித்துச் செலவைப் பிரித்துக் காட்டிப் பேர் வாங்கிய வால்நட் ஆப்பை 2018இல் வாங்கியது கேபிடல் ஃப்ளோட் என்ற கடன் நிறுவனம். அது சட்டப்படி நடந்த வியாபாரம், தப்பு சொல்ல எனக்கு எதுவுமில்லை. ஆனால் ஒருவனுக்கு மாதத்தின் எந்த நாளில் கை வறளும் என்று தெரிந்துவைத்திருப்பவரை யார் தேடி வருவார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

குலுக்கல் பரிசு. ஆசை எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியை நிறுத்தினார்கள், கேரள அரசோ 1967இலிருந்து நடத்துகிறது. எல்லையில் கடைகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று கோபாலபுரத்தில் பஸ் மாறும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உங்கள் ஆப்புக்கு நிஜமான போட்டியே அந்த டிக்கெட் தட்டிதான். பிரிட்டனில் 1956இல் அறிவித்த பிரீமியம் பாண்ட் என்ற சேமிப்புப் பத்திரத்தில் போட்ட முதல் அப்படியே இருக்கும், வட்டியை மட்டும் திரட்டிக் குலுக்கிப் பரிசாகத் தருவார்கள். அதை நடத்துவது அரசாங்கம். நம் நாட்டில் தனியார் பணம் திரட்டிப் பரிசு கொடுத்தால் 1978ஆம் வருடத்துப் பரிசுச் சீட்டுத் தடைச் சட்டத்தின் வாசலில் போய் நிற்கவேண்டியிருக்கும். வக்கீலைப் பார்க்காமல் ஒரு திரைகூட வரையாதீர்கள்.

சரி, என்னதான் செய்வது? உங்கள் ஆப் மாதம் 1ஆம் தேதி தொடங்குகிறது என்று நினைக்கிறேன், எல்லா ஆப்களும் அப்படித்தான். நம் பையன்களின் காசு அப்படி வருகிறதா? கோவைப் பட்டறைகளுக்குப் போகிறவனுக்கு சனிக்கிழமை வாரக்கூலி. கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலைக்காரனுக்கு மாதச் சம்பளமும் ஓணத்துக்கு போனஸும். அவன் அண்ணன் வாளையார் எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் போய் வேலை பார்த்தால் தீபாவளிக்குத்தான் போனஸ். ஒரே வீட்டில் இரண்டு நாட்காட்டி. செலவோ இரண்டு பண்டிகைக்கும் உண்டு, நடுவில் முறை செய்ய ஒரு கல்யாணமும் வரும். எனவே ‘காசு எப்போது வரும்?’ என்பதே ஆப்பின் முதல் கேள்வியாக இருக்கட்டும். வந்த அன்றைக்கே, சாயங்காலத்துக்குள், ஒரு தொகை தனியாகப் போகட்டும். மிச்சத்தை அவன் எப்படிச் செலவழித்தால் உங்களுக்கென்ன?

போனஸ் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே அதில் எவ்வளவு எடுத்து வைப்பாய் என்று கேட்டுவிடுங்கள். இல்லாத காசைக் கொடுக்க எல்லோரும் தாராளம். பொருளாதார அறிஞர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றில் இதைத்தான் செய்தார்கள். இப்போதைய சம்பளத்தைத் தொடாமல், இனி வரும் ஊதிய உயர்வுகளில் ஒரு பங்கை ஓய்வுக்காலச் சேமிப்புக்குத் தர முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வைத்தார்கள். ஒப்புக்கொண்டவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாயிற்று. அவர்கள் கட்டுரை 2004இல் வெளியானது. நம் ஓணம் போனஸுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது.

அடுத்து, குறிக்காரரின் குரல். ஆப்பில் அவருக்குப் பதில் நாலைந்து நண்பர்களை வைக்கலாம். தொகை யாருக்கும் தெரியவேண்டாம், ‘போட்டாச்சு’ என்பது தெரிந்தால் போதும். ஆனால் இங்கே கவனம் வேண்டும். ஒரு ஞாயிறு அம்மா மாட்டுக்கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டாள், ஆள் இல்லை என்று நான் சொல்லவேண்டும். எனக்கு ஒன்பது வயது. சொன்னேன், அவரும் நம்பியது போலப் போனார். அடுத்த வாரம் இரண்டு தவணையும் சேர்த்துக் கட்ட அவள் தோட்டை அடகு வைத்தாள். குறி கொடுத்த லாபத்தைவிட அடகு வட்டி கூடுதல். உங்கள் ஆப்பில் ‘இந்த வாரம் முடியல’ என்று ஒரு பொத்தான் இருக்கட்டும். அதைத் தொட்டால் சிவப்பு நிறமும் அழுகிற பொம்மையும் வரக்கூடாது. விட்டுப்போன தவணை தொகையில் ஏறாமல் கடைசியில் போய்ச் சேரட்டும்.

குறியைப் புகழ்கிறேன் என்று நினைக்கவேண்டாம். 90களில் அதே குறி உடைந்தது. நடத்தியவர் ஒரு ராத்திரியில் குடும்பத்தோடு போய்விட்டார், அம்மாவின் பதினோரு மாதப் பணமும் கூடவே போயிற்று. அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: பணத்தை நீங்கள் தொடாதீர்கள். உரிமமில்லாமல் டெபாசிட் வாங்குவது 2019ஆம் வருடச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். உங்களை நம்பி வருகிறவன் உங்களுக்குத் தெரிந்த பையன் என்பது இன்னொருபுறம். அவன் பெயரிலேயே அவன் வங்கியில் ஆர்டி (தொடர் வைப்புக் கணக்கு) இருக்கட்டும், வங்கியே தவறாமல் எடுத்துக்கொள்ளும் நிரந்தர உத்தரவு அதை நிரப்பட்டும். அஞ்சலக ஆர்டியை மாதம் 100 ரூபாயில் தொடங்கலாம், ஆனால் அது ஐந்து வருடக் கணக்கு, மூன்று வருடத்துக்கு முன் முடித்துக்கொள்ள முடியாது. பைக்குக்குச் சேர்ப்பவனை அங்கே அனுப்பாதீர்கள்.

நீங்கள் இணைத்திருந்த படங்களில் ‘நிதி இலக்கு’, ‘வரவு செலவுத் திட்டம்’ என்றெல்லாம் இருந்தது. கொழிஞ்சாம்பாறையில் அப்படிப் பேசுகிற ஒருவரைக் காட்டுங்கள், டீ வாங்கித் தருகிறேன். ‘எதுக்கு?’, ‘கையில எவ்வளவு?’, ‘எடுத்து வெச்சது’ போதும். குறி என்ற சொல்லையும் போடாதீர்கள். பொள்ளாச்சிக்காரன் ஜோசியம் என்று நினைப்பான், அவனுக்கு அது சீட்டு.

அடுத்த ஞாயிறு ஊருக்கு வந்தால் மூன்று மணிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். குடும்பஸ்ரீ அயல்கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்களின் சேமிப்புக் குழு, எங்கள் திண்ணையில்தான் கூடுகிறது. 1998இல் கேரள அரசு தொடங்கிய அந்தத் திட்டத்தில் இன்னும் வாரம் தவறாமல் கூடுகிற கூட்டம் அது. என் மனைவிதான் செயலாளர். சிறுசேமிப்புப் பணத்தை எண்ணி முடிக்க இருபது நிமிடம் ஆகும், மற்ற ஒரு மணிநேரம் என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள். ஆண்களுக்கு இடமில்லை, நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருப்பேன்.