வாசகர் கேள்வி-பதில்: புகார் மனு ஏன் அதே மேசைக்குத் திரும்புகிறது?

கேள்வி: எங்கள் தெரு சிமென்ட் சாலை ஆறே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. ஊழல் தடுப்புப் பிரிவுக்கு மனு போட்டேன். அது ஆட்சியர் அலுவலகம் வரை போய், கடைசியில் நான் புகார் சொன்ன ஒன்றிய அலுவலகமே 'பணி திருப்திகரம்' என்று பதில் அனுப்புகிறது. என்ன செய்வது?
- வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: ஆவணம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மனு போய்ச் சேரும். மதிப்பீடு, வேலை உத்தரவு, எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகம் எல்லாம் ஒன்றியப் பொறியியல் பிரிவில் இருக்கின்றன. 'சாலை மோசம்' என்று மட்டும் எழுதினால், மேலதிகாரி கையில் சரிபார்க்க எதுவும் இருக்காது. 'தக்க நடவடிக்கைக்கு' என்று குறிப்பெழுதிக் கீழே தள்ளிவிடுவார்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. உள்ளாட்சி நிதித் தணிக்கையில் பில்லையும் எம்-புக்கையும் ஒப்பிடுவார்கள். எம்-புக்கிலேயே பொய் அளவு எழுதியிருந்தால் இரண்டும் அச்சாகப் பொருந்தும்! தணிக்கையாளர் பார்ப்பது காகிதம். சாலையை அளந்தவரோ பில் போட உதவியவர். காகிதத்தையும் சாலையையும் ஒரே நாளில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வெளியாள் யாரும் வருவதில்லை. ஊழல் ஒளிந்துகொள்வது இங்கேதான்.

அதனால் முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் எம்-புக் பக்கங்களின் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ஆவணம் வேறு அலுவலகத்தில் இருந்தால், 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் மனுவை அவர்களே அங்கே மாற்றி அனுப்ப வேண்டும். 2(j) பிரிவு வேலையை நேரில் பார்வையிடவும், சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. பலருக்கும் இது தெரிவதில்லை. சாலை விளிம்பில் டேப்பை வைத்துப் படம் எடுங்கள். எம்-புக்கில் 15 செ.மீ. கனம், டேப்பில் 10 செ.மீ. என்றால், அந்த வித்தியாசம்தான் உங்கள் புகார்.

பிறகு ஆட்சியருக்கும் ஊழல் தடுப்புப் பிரிவுக்கும் ஒரே மனு. பணியின் பெயர், எம்-புக் எண், பக்கம், இரு அளவுகள் எல்லாம் அதில் இருக்கட்டும். 'இந்த ஒன்றியத்தைச் சேராத பொறியாளரை வைத்து, என் முன்னிலையில் அளக்க வேண்டும்' என்று தனி வரியாகக் கேளுங்கள். யாருக்கெல்லாம் நகல் போகிறது என்பதையும் மனுவின் அடியில் எழுதுங்கள். ஓர் அலுவலகம் மற்றதைக் காட்டித் தட்டிக்கழிப்பது கடினமாகும்.

தாமதமானால் உடனே சோர்ந்துவிடாதீர்கள். அதிகாரி எடுத்த முடிவு பற்றிய புகாரென்றால், ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் சேர்த்த 17ஏ பிரிவின்படி விசாரணைக்கே முன் அனுமதி வேண்டும். அதற்கு 3 மாதம், காரணம் எழுதினால் இன்னும் ஒரு மாதம்.

கேள்வி: பட்டா மாற்றப் பணம் கேட்கிறார்கள். முதலில் தாசில்தாரிடம் சொல்லலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம் அம்மா, செய்தி கசிந்துவிடும். நேராக மாவட்ட ஊழல் தடுப்புப் பிரிவுக்குப் போங்கள். வாங்கும்போதே கையும் களவுமாகப் பிடிப்பதற்கு 17ஏ அனுமதி தேவையில்லை. சாட்சிக்கு வேறு துறை ஊழியர்கள் இருவரை அவர்களே வரவழைப்பார்கள். நோட்டில் பினாப்தலீன் தூள் தடவுவார்கள். வாங்கிய விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் இளஞ்சிவப்பாக மாறும். வற்புறுத்தலால் பணத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டால் 7 நாளுக்குள் புகார் செய்துவிடுங்கள்; அந்தக் கெடுவுக்குள் சொன்னால் கொடுத்த குற்றம் உங்கள்மேல் வராது.