டிரையர் சுற்றுகிறது, சூடு மட்டும் வரவில்லை. ஹீட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டது இது: அமெரிக்காவில் வீடு, மின்சார டிரையர், டிரம் வழக்கம்போல் சுற்றுகிறது. ஒரு மணி நேரம் ஓடியும் துணி ஈரமாகவே வருகிறது. ஹீட்டர் போயிருக்கும் என்று நண்பர் சொல்கிறார், நாமே வாங்கி மாட்டிவிடலாமா?

அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஹீட்டரும் போயிருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு: கரண்ட் முழுதாக உள்ளே வருகிறதா, காற்று முழுதாக வெளியே போகிறதா. நான் டாலஸ் பக்கம் இருக்கிறேன். என் வீட்டு டிரையரையும் தெரிந்தவர்கள் வீட்டு டிரையர்களையும் கழற்றிப் பார்த்த வரையில், இந்தப் புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இருந்தது, ஈரக் காற்றை வெளியே கொண்டுபோகும் குழாயில் துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு அடைத்துக்கொண்டதுதான்.

முதலில் கரண்ட். இங்கே மின்சார டிரையருக்கு 240 வோல்ட் வருகிறது, தலா 120 வோல்ட்டாக இரண்டு கம்பிகளில். மோட்டாருக்கும் உள்விளக்கிற்கும் அதில் ஒரு கம்பியும், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியும் போதும். ஹீட்டருக்கு மட்டும் இரண்டு கம்பியும் வேண்டும். அதனால் ஒரு பக்கம் கரண்ட் போய்விட்டால் டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும், சூடு மட்டும் இருக்காது. வீட்டின் மின்சாரப் பேனலில் டிரையருக்கென்று 30 ஆம்பியர் இரட்டை பிரேக்கர் ஒன்று இருக்கும். அது தானாகக் கரண்டைத் துண்டித்து விழுந்திருந்தாலும் சில சமயம் பார்வைக்கு ஆன் மாதிரியே தெரியும். முழுதாக ஆஃப் பக்கம் தள்ளி, மறுபடி ஆன் செய்யுங்கள். சூடு வந்துவிட்டால் காசு மிச்சம். திரும்பவும் விழுந்தால் அதோடு நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் காற்று. டிரையர் வேலை செய்வது சூட்டால் மட்டும் இல்லை. ஈரத்தை அள்ளிக்கொண்டு காற்று வெளியே போனால்தான் துணி காயும். டிரையரை ஓடவிட்டு வீட்டுக்கு வெளியே போய்க் குழாய் முடியும் இடத்தைப் பாருங்கள். அங்கிருக்கும் மூடி நன்றாகத் திறந்து, கையில் காற்று வேகமாக அடிக்க வேண்டும். மூடி லேசாக நடுங்கிக்கொண்டு மட்டும் இருந்தால் வழியில் அடைப்பு. குருவி கூடு கட்டியிருந்ததையும் பார்த்திருக்கிறேன். பறவை வராமல் இருக்க வலை போடலாமே என்று தோன்றும். போடக் கூடாது, வலையில்தான் பஞ்சு முதலில் பிடிக்கும்.

எங்கள் பக்கத்து வீடுகளில் லாண்டரி அறை பல சமயம் வீட்டின் நடுவில் இருக்கும், குழாய் கூரை வரை ஏறிப் போகும். பொதுவான கட்டட விதிப்படி இந்தக் குழாயின் நீளம் 35 அடிக்கு மேல் போகக் கூடாது, சாதாரண 90 டிகிரி வளைவு ஒவ்வொன்றுக்கும் அதில் 5 அடி கழிக்க வேண்டும். டிரையருக்குப் பின்னால் மடங்கி நசுங்கிக் கிடக்கும் பிளாஸ்டிக் குழாயோ அலுமினியத் தாள் குழாயோ இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 4 அங்குல உலோகக் குழாய் போடுங்கள், மூட்டுகளில் உலோக டேப் ஒட்டுங்கள், உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் திருகு வேண்டாம். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் நெருப்பு. அமெரிக்காவில் வீடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 டிரையர் தீ விபத்துகள் நடப்பதாக அரசின் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான கணக்கை வைத்துச் சொன்னது. அவற்றில் முதல் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டது, 34 சதவீதம்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் சூடு துளிகூட இல்லை என்றால், மின் இணைப்பைச் சோதிக்கும் மல்டிமீட்டரை எடுக்கலாம். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகுதான் பின்பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும். சில மாடல்களில் முன்பக்கம் வழியாகத் திறக்க வேண்டியிருக்கும். இதைப் படிக்கும் வேறு யாருடையதாவது கேஸ் டிரையராக இருந்தால் இதற்குமேல் போகாதீர்கள், குழாயைச் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொண்டு அந்த வேலை தெரிந்தவரை அழையுங்கள்.

முதலில் தெர்மல் ஃபியூஸ், அதாவது சூடு அளவு மீறினால் கரண்டைத் துண்டிக்கும் பாகம். ஹீட்டர் பெட்டியின் மேலோ காற்று போகும் பாதையிலோ சின்னதாக இரண்டு முனைகளோடு இருக்கும். ஒரு வயரைக் கழற்றிவிட்டுச் சோதித்தால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் ஃபியூஸ் போய்விட்டது, அதை மறுபடி உயிர்ப்பிக்க முடியாது. விலை குறைவுதான், மாற்றுவதும் சுலபம். ஆனால் தயவுசெய்து அதோடு மூடிவிடாதீர்கள். அந்த ஃபியூஸ் தானாகப் போவது அபூர்வம். காற்று அடைபட்டு உள்ளே சூடு ஏறியதால்தான் பெரும்பாலும் போகிறது. குழாயைப் பார்க்காமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் சீக்கிரமே திரும்பவும் போகும். வயரால் அதை நேரடியாக இணைத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் ஓடுகிற மெஷின் அது.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் ஹீட்டர். இரண்டு வயரையும் கழற்றி அளந்தால், நல்ல ஹீட்டர் பொதுவாக 10 ஓம் அருகே காட்டும். கணக்கும் ஒத்துப்போகும்: 5,400 வாட் ஹீட்டர் 240 வோல்ட்டில் 22.5 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 10.7 ஓம். எதுவும் காட்டாவிட்டால் கம்பிச்சுருள் அறுந்துவிட்டது, உங்கள் நண்பர் சொன்னது சரி. மீட்டரின் ஒரு முனையை ஹீட்டரின் உலோகப் பெட்டியிலும் வைத்துப் பாருங்கள். அங்கே இணைப்பு காட்டினால் சுருள் தொய்ந்து பெட்டியைத் தொடுகிறது. அப்படியே விட்டால் சூடு கட்டுப்பாட்டில் நிற்காது, உடனே மாற்றுங்கள்.

சிலருக்குச் சூடு நன்றாகவே வரும், ஆனால் தானியங்கி முறையில் போட்டால் துணி அரை ஈரத்தில் இருக்கும்போதே மெஷின் நின்றுவிடும். நேரம் வைத்து ஓட்டினால் காய்ந்துவிடும். இதற்கு எந்தப் பாகமும் வாங்க வேண்டாம். டிரம்முக்குள் பஞ்சு வடிகட்டி அருகே இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும், அவைதான் ஈரத்தை உணர்கின்றன. வாசனைக்காகப் போடும் டிரையர் ஷீட்டின் மெழுகு அவற்றின் மேல் படிந்துவிடும். ரப்பிங் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும். அதே மெழுகு வடிகட்டி வலையிலும் படியும். வலையின் மேல் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கீழே இறங்காமல் தேங்கி நின்றால் சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள்.

வாஷிங் மெஷினிலிருந்து துணி சொட்டச் சொட்ட வருகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். அங்கே பிழிவது சரியில்லை என்றால் டிரையரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஹீட்டர்தான் என்று உறுதியானால், டிரையர் கதவைத் திறந்ததும் விளிம்பில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை வைத்துப் பாகத்தைத் தேடுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஹீட்டர்கள் பொருந்தாமல் போகும். வயரைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் என்ன காட்டியது என்று மாடல் எண்ணோடு கீழே எழுதினால், அடுத்து எதைப் பார்ப்பது என்று சொல்கிறேன்.