தாடை எலும்பு இறப்பில் பாக்டீரியாவின் பங்கு: கேள்வி பதில்

கேள்வி: வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற என் தந்தைக்குப் பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு வெளியே தெரிகிறது. மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தும் சீழ் திரும்ப வருகிறது. மருந்தின் வீரியம் போதவில்லையா?

பதில்: வீரியத்தில் குறை இருப்பதாகத் தெரியவில்லை, மருந்து போய்ச் சேர வழியில்லை என்பதே குறை. மாத்திரையும் ஊசியும் இரத்தத்தின் வழியே பயணிப்பவை; இறந்த எலும்பிலோ இரத்த ஓட்டமே கிடையாது. போதாக்குறைக்கு, அங்குள்ள பாக்டீரியாக்கள் பல இனங்களாகக் கூடி, தாமே சுரந்த பிசினுக்குள் உயிர்ப்படலமாகக் குடியிருக்கின்றன. எனவே சுற்றியுள்ள உயிருள்ள திசுவின் வீக்கம் அடங்கும், மருந்தை நிறுத்தியதும் சீழ் திரும்பும். இறந்த துண்டு தானே பிரிய வேண்டும், அல்லது அறுவையில் நீக்கப்பட வேண்டும். திசுப் பரிசோதனை செய்து புற்றுநோய் திரும்பவில்லை என்று உறுதிசெய்துகொண்டீர்களா? அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: அறிக்கையில் ‘ஆக்டினோமைசஸ்’ என்றிருக்கிறது. பூஞ்சை மருந்து வேண்டுமா?

பதில்: வேண்டாம். பெயர்தான் பூஞ்சையை நினைவூட்டுகிறது. அது இழைபோல் கிளைக்கும் பாக்டீரியா, பென்சிலினுக்குக் கட்டுப்படுவது. எல்லோர் வாயிலும் இருப்பதால், வெளிப்பட்ட எலும்பின் மேல் அது காணப்பட்டது என்பதை மட்டும் வைத்து நோயின் காரணத்தை முடிவுசெய்ய முடியாது.

கேள்வி: கதிர்வீச்சால் நேரும் எலும்பு இறப்பில் பாக்டீரியா மேற்பரப்பில் ஒட்டிய வெறும் மாசே என்று 1983-இல் தாடை அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் சொல்லிவிட்டார். பிறகு ஏன் தொற்றைப் பற்றி இவ்வளவு பேச்சு?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். ஆக்சிஜன், உயிரணுக்கள், இரத்தக்குழாய்கள் ஆகிய மூன்றும் குன்றிய திசு, தேய்மானத்தை ஈடுசெய்ய முடியாமல் சிதைகிறது என்பது அவர் விளக்கம். காயமும் தொற்றும் சேர்ந்தே நோய் வருகிறது என்ற பழைய கருத்தை அது ஓரங்கட்டியது. ஆனால் ஆக்சிஜன் பட்டால் மடியும் வாய்ப் பாக்டீரியாக்கள் பலவற்றை ஆய்வகத்தில் வளர்த்தெடுப்பது கடினம். பின்னாளில் டிஎன்ஏ முறையில் தேடியபோது, ஈறுநோயில் காணப்படும் போர்ஃபைரோமோனாஸ், ஃபியூசோபாக்டீரியம் போன்றவை எலும்பின் உட்பகுதியிலும் தென்பட்டன. இருக்கின்றன என்பதாலேயே அவை காரணம் ஆகிவிடாது. கதிர்வீச்சில் திசுதான் முதலில் நலிகிறது, பாக்டீரியா பிறகு வந்து வீட்டையே பிடித்துக்கொள்ளும் குடித்தனக்காரர் என்பதே என் கருத்து.

எலும்புச் சிதைவைத் தடுக்கும் பிஸ்பாஸ்பொனேட், டெனோசுமாப் போன்ற மருந்துகளால் வரும் தாடை எலும்பு இறப்பில் கணக்கு வேறு. பல் பிடுங்கியதே குற்றவாளி என்கிறோம். பிடுங்க நேர்ந்ததற்குக் காரணமான தொற்று அதற்கு முன்பே அங்கிருந்ததை மறந்துவிடுகிறோம். பிஸ்பாஸ்பொனேட் வகையைச் சேர்ந்த ஸோலெட்ரோனிக் அமிலம் தரப்பட்ட எலிகளில், பல்லைப் பிடுங்காமலே, ஈறுநோயை உண்டாக்கியதால் மட்டும் எலும்பு இறந்திருக்கிறது.

கேள்வி: அதே ஆள்தான். உடல் முழுதும் பரவும் மருந்து தாடையை மட்டும் ஏன் தாக்குகிறது?

பதில்: உங்கள் கேள்வி என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. தாடை வேகமாகப் புதுப்பிக்கப்படும் எலும்பு என்பது ஒரு காரணம். மற்றொன்று, மேற்போர்வையைத் துளைத்துக்கொண்டு பற்கள் வெளியே நீட்டும் எலும்பு அது ஒன்றே. மெல்லிய ஈறு கிழிந்தால் எலும்புக்கும் பாக்டீரியாவுக்கும் இடையே ஏதும் இல்லை.

கேள்வி: சீழுக்கு எந்த மாத்திரை வாங்கலாம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். நானாக மாத்திரை சொல்ல மாட்டேன்.

கேள்வி: எலும்புத் தேய்வுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி போடுகிறேன். பல் எடுப்பதற்காக அடுத்த ஊசியை விட்டுவிடலாமா?

பதில்: நீங்களாக விடாதீர்கள். டெனோசுமாப் எலும்பில் தங்காது; தவணை தவறினால் எலும்பு இழப்பு வேகமெடுத்து முதுகெலும்புகள் நொறுங்கலாம். பிஸ்பாஸ்பொனேட்டோ எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்குவதால், சில நாட்கள் நிறுத்துவது பெரிதாக எதையும் மாற்றாது. எலும்புத் தேய்வுக்கான அளவில் தாடைக்கு வரும் ஆபத்து, புற்றுநோய்க்கான அளவில் வருவதைவிட மிகக் குறைவு. பல் எடுக்கும் நாளை ஊசித் தவணையோடு பொருத்துவதை இரு மருத்துவர்களும் பேசி முடிவுசெய்யட்டும்.

கேள்வி: கதிர்வீச்சு பெற்ற தாடையில் இம்பிளான்ட் பொருத்தலாமா?

பதில்: அது என் துறை அன்று, உங்கள் தாடைக்குக் கிடைத்த கதிர்வீச்சு அளவின் குறிப்போடு முகத்தாடை அறுவை மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: சீழ் நிற்க வீரியமான ஆன்டிபயாடிக் எது?

பதில்: மேலே இருமுறை சொல்லிவிட்டேன்.