அழுத்தும்போது ஸ்கீயின் மரம் நகர்ந்துவிடுகிறது, என்ன செய்வது?

கேள்வி: கனடாவின் கால்கரியில் வசிக்கிறேன். கராஜில் சொந்தமாக ஸ்கீ, அதாவது பனிச்சறுக்குப் பலகை, செய்து பார்க்கிறேன். அச்சில் எல்லாவற்றையும் நேராகத்தான் அடுக்கினேன். அழுத்தி எடுத்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் மரம் ஒரு பக்கமாக 4 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது. ஓரத்தை வெட்டியதும் பக்கவாட்டு பிளாஸ்டிக் பட்டை போய் மரம் வெளியே தெரிகிறது. இதற்கென்றே ஒரு கிட் விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: முதலில் கிட் விஷயம். வாங்காதீர்கள். நான் பார்த்த கிட்டுகளில் இருந்தவை இரண்டு இரும்புக் கம்பிகளும் துளை போட ஒரு தகடும்தான். அதே கம்பி ஹார்ட்வேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

உங்கள் அடுக்கலில் பிழை இல்லை. அடுக்குகளை ஒட்டும் பிசினான எபாக்ஸியை, இறுகும்வரை பசை என்று நினைக்காதீர்கள், அது எண்ணெய் மாதிரி. ஈரமான இரண்டு கண்ணாடி இழைத் துணிகளுக்கு நடுவில் மரம் மிதக்கிறது. 40 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு) அழுத்தத்தில் காற்று ஏறும்போது எந்தப் பக்கம் அழுத்தம் முந்துகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் வழுக்கி ஓடும். பிசினைத் தாராளமாக ஊற்றியிருந்தால் இன்னும் மோசம். அதிகப்படியை வழித்து எடுத்துவிடுங்கள்.

தீர்வு முளைதான், அதாவது அடுக்குகளை நிறுத்திப் பிடிக்கும் சிறு கம்பி. அடித்தகடு (பனியில் வழுக்கும் அடிப்பக்கம்), மரம், மேல்தகடு மூன்றையும் ஸ்கீயின் இரு முனைகளுக்கும் அப்பால் 5 சென்டிமீட்டர் நீளமாக விடுங்கள். பின்னால் வெட்டி எறியப்போகும் அந்தப் பகுதியில், மையக்கோட்டின் மேல் 6 மில்லிமீட்டர் துளை போட்டு, அச்சில் நட்ட முளையில் மாட்டுங்கள். துணிக்குத் துளை வேண்டாம், குத்தூசியால் இழையை விலக்கினால் போதும். துளையை மேஜையில் வைத்துப் போடாதீர்கள். பிசின் இல்லாமல் அச்சின் மேலேயே அடுக்கி, வளைத்துப் பிடித்துக்கொண்டு போடுங்கள். வளைவின் மேல் அளந்த தூரமும் நேர்கோட்டில் அளந்த தூரமும் ஒன்றாக இருக்காது.

அப்புறம், பலரும் சொல்லாமல் விடுவது ஒன்று: இரண்டில் ஒரு துளைதான் இறுக்கமாக இருக்க வேண்டும். முன்முனையில் வட்டத் துளை. பின்முனையில் அகலம் 6, நீளம் 20 மில்லிமீட்டர் உள்ள நீள்துளை, பலகையின் நீளவாக்கில். அடித்தகடு பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். பிசின் இறுகுவதற்காக 1.8 மீட்டர் தகட்டை 20 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால், தடுக்க ஆள் இல்லாவிட்டால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். அதே நீள எஃகு ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. இரு முனையையும் பூட்டிவிட்டால் தகடு எங்கே போகும்? நடுவில் புடைக்கும். ‘நான் ஹீட்டர் வைப்பதில்லையே’ என்று எழுதாதீர்கள். அப்போதும் நீள்துளைதான். கையால் வளைத்த வளைவு வேறு, 40 பிஎஸ்ஐ வளைக்கும் வளைவு வேறு. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் நகர்ந்தே தீரும், அந்த நகர்வு நீளவாக்கில் மட்டும் நடக்கட்டும்.

இரும்பு விளிம்பைத் தகட்டோடு நிறுத்த சூப்பர் குளூ போடுவீர்கள். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டு, அதுவும் தகட்டின் ஓரத்தில் மட்டும். மேலே வழிந்தால் அந்த இடத்தில் எபாக்ஸி சரியாகப் பிடிக்காது.

தகட்டைத் துண்டு போட்டு விற்பவர்களிடம் இன்னும் கவனம். தீயால் பக்குவப்படுத்திய பக்கத்தில்தான் பிசின் ஒட்டும். அது எந்தப் பக்கம் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு ஒருமுறை பக்குவமே செய்யாத தகட்டை அனுப்பிவிட்டு, ‘ஒட்டும் சார்’ என்றார்கள். முழு ஸ்கீயும் அப்பளம் மாதிரி பிரிந்தது. தகவல் தாள் கேட்டால் மொத்தமாக வாங்கும் ஆலைக்குத்தான் தருவார்களாம்! ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பரவினால் சரி, முத்தாக நின்றால் திருப்பி அனுப்புங்கள்.

முளைகளுக்கு மெழுகு பூச மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஸ்கீயோடு சேர்ந்து அவையும் இறுகிவிடும்.

இப்போது கையில் இருக்கும் பலகையை எறிய வேண்டாம். தெரியும் மரத்தை நன்றாகக் காயவைத்து, இரண்டு முறை எபாக்ஸி பூசி மூடுங்கள். தண்ணீர் இறங்கினால் மரம் உப்பிவிடும். பாறை தலைகாட்டும் சரிவுக்கு மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள்.