செத்த ஹீரோ எப்போது திரும்புவார்? காமிக்ஸ் மரணங்கள் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்க காமிக்ஸ் நிறுவனங்களான மார்வெல், டிசி இரண்டின் முதன்மைக் கதைவரிசை மட்டும்தான் இங்கே. சினிமாச் சாவுகள் கணக்கில் இல்லை. முடிச்சுகள் எல்லாம் அவிழும், இன்னும் படிக்காதவர்கள் பார்த்து நகருங்கள். மாதமும் வருடமும் பெரும்பாலும் அட்டையில் அச்சிட்டவை. அமெரிக்கக் கடைகளுக்கு இதழ் அதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே வந்துவிடும்.

கே: திரும்பி வரப்போகிறார் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். பிறகு எதற்குக் கொல்கிறார்கள்?

ப: எழுதுகிறவருக்குப் பாத்திரம் சொந்தமில்லை. ஸ்பைடர்மேனை எழுதுகிறவர் அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறார், வீடு மார்வெலுடையது. சில வருடம் இருந்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். போகும்போது ஒரு சுவரை இடித்துவிட்டுப் போனால், அடுத்து குடிவருகிறவர் அதைத் திரும்பக் கட்டுவார். பெரும்பாலும் சின்ன வயதில் அந்தச் சுவரைப் பார்த்து வளர்ந்தவராகவும் அவர் இருப்பார்.

வியாபாரக் கணக்கும் சரியாக இருக்கிறது. சாகும் இதழ் விற்கும், திரும்பி வரும் இதழ் விற்கும், நடுவில் அந்த உடையைப் போட்டுக்கொண்டு வரும் புது ஆளின் தொடரும் விற்கும். ஒரு சாவுக்கு மூன்று வசூல்.

கே: 1992 சூப்பர்மேன் சாவு திட்டமிட்டதா, விற்பனை விழுந்ததால் அவசரத்துக்குச் செய்ததா?

ப: கல்யாணம் தள்ளிப்போனதால் நடந்த சாவு அது. கிளார்க்குக்கும் (சூப்பர்மேனின் சாதாரண வேடம்) காதலி லோயிஸுக்கும் 1990-லேயே நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. அடுத்து கல்யாணம் வைக்க இருந்தார்கள். அதே சமயம் லோயிஸ் அண்ட் கிளார்க் டிவி தொடர் தயாராகிக்கொண்டிருந்தது, இரண்டு கல்யாணமும் ஒரே சமயத்தில் நடக்கட்டும் என்று மேலிடம் நிறுத்திவைத்தது. அப்போது சூப்பர்மேனுக்கு மாதாமாதம் வரும் தொடர்கள் நான்கு, ஒன்றில் விட்ட கதை அடுத்ததில் தொடரும். வருடக் கணக்கில் போட்டு வைத்த கதை திடீரென்று காலி. எழுத்தாளர்கள் கூடிப் பேசும்போதெல்லாம் ஜெர்ரி ஆர்ட்வே கிண்டலாக “கொன்றுவிடலாம்” என்பது வழக்கம். அந்த முறை அதை எழுதிக்கொண்டார்கள்.

கட்டமைப்பைக் கவனியுங்கள், கடைசி நான்கு இதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. அட்வென்ச்சர்ஸ் ஆஃப் சூப்பர்மேன் 497-ல் பக்கத்துக்கு 4 கட்டம். ஆக்‌ஷன் காமிக்ஸ் 684-ல் 3. மேன் ஆஃப் ஸ்டீல் 19-ல் 2. சூப்பர்மேன் 75-ல் பக்கம் முழுக்க ஒரே படம். கட்டம் குறையக் குறைய உங்கள் கை தானாக வேகமாகப் புரட்டும், சூப்பர்மேனைக் கொல்லும் அரக்கன் டூம்ஸ்டேவின் ஒவ்வொரு அடியும் முந்தையதைவிடப் பெரிதாக விழும். இந்தக் கதையைப் பற்றி என்ன குறை சொன்னாலும் இந்த எண்ணிக்கை உத்திக்கு எழுந்து நின்று கைதட்டலாம்.

திரும்பி வந்தது 82-வது இதழில், 1993 அக்டோபர். கிரிப்டன் கிரகத்து எராடிகேட்டர் உடலை எடுத்துப்போய் சூப்பர்மேனின் ரகசியக் கோட்டையிலிருந்த உயிரூட்டும் கருவிக்குள் வைத்தது என்பது விளக்கம். தள்ளிப்போட்ட கல்யாணம் 1996-ல்தான் நடந்தது.

கே: 75-வது இதழ், கறுப்புப் பை பிரிக்காதது ஒன்று கிடைக்கிறது. வாங்கி வைத்தால் விலை ஏறுமா?

ப: நம்பி வாங்காதீர்கள். எல்லாப் பதிப்பும் சேர்த்து 60 லட்சம் பிரதி அளவுக்கு விற்றது. வாங்கியவர்களில் பாதிப் பேர் உங்களைப் போலவே நினைத்துப் பத்திரப்படுத்தினார்கள். எல்லார் வீட்டுப் பரணிலும் இருக்கிற சாமானுக்கு விலை எப்படி ஏறும்?

ஆசைக்கு வாங்குவதாக இருந்தால் எது என்று பார்த்து வாங்குங்கள். காமிக்ஸ் கடைகளுக்கு வந்தது ரத்தம் வடியும் சின்னம் போட்ட கறுப்புப் பை. உள்ளே இதழின் அட்டையில் கல்லறை. கையில் கட்டும் கறுப்புப் பட்டை, டெய்லி பிளானட் இரங்கல் செய்தி, போஸ்டர், தபால்தலைகள், ஒரு அட்டைப் படம் எல்லாம் இருக்க வேண்டும். பை பிரித்திருந்தால் பட்டைதான் முதலில் காணாமல் போயிருக்கும். பெட்டிக்கடைகளுக்கு வந்த பதிப்பில் பை கிடையாது, அட்டையில் கிழிந்த மேலங்கி ஒன்று கம்பத்தில் தொங்கும். படிக்க மட்டும் என்றால் தொகுப்புப் புத்தகமே போதும்.

கே: க்வென் ஸ்டேசியைக் கொன்றது பசுமைப் பூதமா, ஸ்பைடர்மேனா? எங்கள் குழுவில் ரெண்டு நாளாகச் சண்டை.

ப: கிரீன் காப்ளினைத்தானே சொல்கிறீர்கள்! அமேசிங் ஸ்பைடர்மேன் 121, ஜூன் 1973. காப்ளின், ஸ்பைடர்மேனின் காதலி க்வென்னைப் பாலத்திலிருந்து தள்ளிவிடுகிறான். வலை போய்க் காலைப் பிடிக்கிறது. அந்தக் கட்டத்தில் அவள் கழுத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரே ஒரு சத்தம்: “ஸ்னாப்”. ஸ்பைடர்மேனான பீட்டருக்கு அது கேட்கவில்லை. காப்பாற்றிவிட்டோம் என்ற மிதப்பில் பேசிக்கொண்டே மேலே இழுக்கிறான். காப்ளின் “விழும்போதே செத்துவிட்டாள்” என்கிறான், அது தப்பு. விழுவதால் மட்டும் யாரும் சாவதில்லை.

கணக்குப் போடுங்கள். 90 மீட்டர் விழுந்தாள் என்று வைத்துக்கொண்டால் வேகம் நொடிக்கு 42 மீட்டர், அதாவது மணிக்கு 150 கிலோமீட்டர். வலை அவளை அரை நொடியில் நிறுத்தினால் வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பைப் போல எட்டரை மடங்கு. காலில் பிடித்து நிறுத்தும்போது தலை தன் வேகத்திலேயே போகப் பார்க்கும், சுமை முழுவதும் கழுத்தில் விழும். அதே வலையை 3 நொடி இழுபடவிட்டிருந்தால் ஒன்றரை மடங்கோடு போயிருக்கும். அல்லது அவள் கூடவே விழுந்து, இடுப்பைப் பிடித்து, வேகத்தை மெல்லக் குறைத்திருக்க வேண்டும். ஆக, தள்ளியவன் காப்ளின், முறித்தது வலை. குற்றவாளி ஒருவன், காரணம் இரண்டு. குழுவில் சண்டையை நிறுத்திக்கொள்ளலாம்.

(வசனத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்றிருக்கும், வரைந்திருப்பது புரூக்ளின் பாலம். இதற்கும் தனியாக ஒரு சண்டை உண்டு.)

கே: அதே க்வென் மட்டும் ஏன் திரும்பி வரவில்லை?

ப: குளோன் வந்தது, வேறு உலகத்து க்வென் 2014-ல் சிலந்தி உடையிலேயே வந்தாள். ஆனால் அந்தப் பாலத்தில் செத்தவள் செத்தவள்தான். அவள் உயிரோடு இருந்து கதைக்குத் தருவதைவிட, இறந்து தருவது அதிகம். பீட்டர் ஒவ்வொரு தடவை யாரையாவது எட்டிப் பிடிக்கும்போதும் அந்த “ஸ்னாப்” பின்னால் நிற்கிறது. பீட்டரின் அங்கிள் பென், பேட்மேனான புரூஸ் வேனின் அப்பா அம்மா எல்லாம் இதே வகை. அவர்களை எழுப்பினால் ஹீரோவுக்கு உடை போடக் காரணமே போய்விடும்.

கே: ஜேசன் டாடை வாசகர்கள் போன் போட்டுக் கொன்றார்கள் என்பது நிஜமா சார்?

ப: நிஜம். ஜேசன்தான் அப்போதைய ராபின், பேட்மேனின் கூட்டாளி. பேட்மேன் 427, 1988. குண்டு வெடிக்கிறது, இதழ் முடிகிறது, பின்பக்கத்தில் இரண்டு எண்கள். பிழைக்க ஒன்று, சாக ஒன்று. அழைப்புக்கு 50 சென்ட், ஒன்றரை நாள் அவகாசம். சாகட்டும் 5,343, பிழைக்கட்டும் 5,271. வித்தியாசம் 72. ஒரே ஆள் எத்தனை தடவையும் கூப்பிடலாம் என்பதால் அதை 72 வாசகர்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஓவியர் ஜிம் அபேரோ இரண்டு முடிவுக்கும் பக்கம் வரைந்து வைத்திருந்தார். ராபின் பிழைக்கும் பதிப்பை டிசி 2023-ல் தனி இதழாகவே விட்டது.

ரெட் ஹூட் என்ற முகமூடி ஆளாக ஜேசன் 2005-ல் திரும்பி வந்தான். விளக்கம்? வேறு உலகத்து சூப்பர்பாய் பிரைம் யதார்த்தத்தின் சுவரில் குத்தினான், அந்த அதிர்ச்சியில் சில நிகழ்வுகள் மாறின, ஜேசன் சவப்பெட்டிக்குள் கண் விழித்தான். பேட்மேனின் எதிரி ஒருவரின் மகள் தாலியா அவனை உயிர் மீட்கும் லாசரஸ் குழியில் முக்கியது அதற்கும் பிறகு. 2010 அனிமேஷன் படம் சுவர்க் குத்தைத் தூக்கிவிட்டுக் குழியை மட்டும் வைத்துக்கொண்டது. நல்ல முடிவு.

கே: சாவைத் திருப்பியதில் ஆக மோசமானது எது, ஆகச் சிறந்தது எது?

ப: மோசம்: எக்ஸ்-மென் குழுவின் ஜீன் கிரே. விளக்கத்தில் ஓட்டை இல்லை; முந்தைய கதையை அது அரித்துவிட்டது என்பதுதான் குறை. அன்கேனி எக்ஸ்-மென் 137-ல், 1980-ல், தன் உயிரைத் தானே முடித்துக்கொள்கிறாள். முதலில் எழுதியிருந்த முடிவில் சக்தியைப் பறித்து விட்டுவிடுவார்கள். இரண்டு இதழ் முன்பு ஒரு நட்சத்திரத்தை விழுங்கி 500 கோடிப் பேரைக் கொன்றவள் அப்படித் தப்பக்கூடாது என்று தலைமை எடிட்டர் ஜிம் ஷூட்டர் மறுத்தார், முடிவு மாறியது. அதனால்தான் அந்தச் சாவுக்கு எடை. 1986-ல் எக்ஸ்-ஃபேக்டர் தொடருக்கு அவள் தேவைப்பட்டாள். கொன்றதும் செத்ததும் ஜீன் இல்லை, அவள் உருவத்தை எடுத்துக்கொண்ட ஃபீனிக்ஸ் சக்தி, நிஜ ஜீன் நியூயார்க்கின் ஜமைக்கா விரிகுடாவின் அடியில் ஒரு கூட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்றார்கள். குற்றமும் போச்சு, தியாகமும் போச்சு.

சிறப்பு: கேப்டன் அமெரிக்காவின் இளம் கூட்டாளி பக்கி. 1964-ல் கேப்டன் அமெரிக்காவின் நினைவாகத்தான் அந்தச் சாவு சொல்லப்பட்டது, உடலை யாரும் காட்டவில்லை. எழுத்தாளர் எட் புரூபேக்கர் 2005-ல் அந்த இடைவெளிக்குள் கை விட்டார். சோவியத் ஆட்கள் கண்டெடுத்தார்கள், ஒரு கை போயிற்று, உலோகக் கை வந்தது, கொலை வேலை இல்லாதபோது உறைநிலையில் வைத்தார்கள், அதனால் வயதும் ஏறவில்லை. பழைய இதழில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. திரும்பி வந்தவன் சுமந்து வந்த கொலைகளும் அப்படியே இருக்கின்றன.

கே: எக்ஸ்-மென்னில் இப்போது சாவே கிடையாதாமே? எப்படி எழுப்புகிறார்கள்?

ப: கிடையாது என்று இருந்தது, மியூட்டன்ட்கள் (பிறவியிலேயே சக்தி உள்ளவர்கள்) தனி நாடாக வாழ்ந்த கிராகோவா தீவுக் காலத்தில். 2019-ல் ஹவுஸ் ஆஃப் எக்ஸ் 5-ல் வழிமுறையையே விளக்கமாக வைத்தார்கள். கோல்ட்பால்ஸ் என்ற மியூட்டன்ட் முட்டை போடுவான், அதில் உயிர் இல்லை. புரோட்டியஸ் அதை உயிர் தாங்கக்கூடியதாக மாற்றுவான். இறந்தவரின் டிஎன்ஏவைச் சேர்த்ததும் எலிக்ஸர் செல்களைப் பெருகவைப்பான். டெம்பஸ் காலத்தை ஓட்டி வேண்டிய வயதுக்குக் கொண்டுவருவாள். நான்கு பேர் சக்தியையும் இசைத்துக் கூட்டுவது ஹோப். உடம்பு தயாரானதும் எக்ஸ்-மென்னைத் தொடங்கிய சேவியர், செரிப்ரோ கருவியில் சேமித்து வைத்த மனதை இறக்குவார். கடைசிச் சேமிப்புக்குப் பிறகு நடந்தது எதுவும் நினைவிருக்காது. சாவு உறுதியாகாமல் எழுப்பக்கூடாது, இல்லாவிட்டால் ஒரே ஆள் இரண்டாகிவிடுவார்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. எப்படியும் வரத்தான் போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும், அதையே ஊர்ச் சட்டமாக்கிக் கதை பண்ணினார்கள்.

கே: ஒரு இதழைப் படித்த அன்றே, இந்தச் சாவு நிலைக்குமா என்று சொல்ல முடியுமா?

ப: ஓரளவு. உடல் காட்டினார்களா என்று முதலில் பார்க்காதீர்கள், உடல் இருந்தும் வந்தவர்கள் ஏராளம். அவருடைய பெயரில் தொடர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் வருவார். அதே பெயரில் வேறொருவர் வந்து நன்றாக விற்றால் தாமதமாக வருவார்: ஃப்ளாஷாக இருந்த பேரி ஆலன் 1985-ல் இறந்தார், வாலி வெஸ்ட் ஃப்ளாஷாக நிலைத்துவிட்டதால் 2008 வரை யாருக்கும் அவசரமில்லை. அமெரிக்க நிறுவனங்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே வெளியீட்டுப் பட்டியலைக் கடைக்காரர்களுக்குத் தந்துவிடும், அதையும் புரட்டுங்கள். பெயர் மறைத்த ஒரு புதுத் தொடர் அதில் இருந்தால் விஷயம் முடிந்தது.

எல்லாவற்றுக்கும் மேல், படம் வருகிறதா என்று பாருங்கள். மிஸ் மார்வெல் கமலா கான் 2023 மே 31 அன்று, அதுவும் ஸ்பைடர்மேன் இதழில், செத்தாள். தி மார்வெல்ஸ் படம் நவம்பரில். ஜூலை 26 அன்று எழுந்துவிட்டாள். ஒரு மண்டலமும் எட்டு நாளும்!

கே: கேப்டன் மார்வெல் மட்டும் எப்படி நிரந்தரமாகச் செத்தார்? அவரும் ஹீரோதானே அண்ணே?

ப: மார்வெல் நிறுவனத்தின் கேப்டன் மார்வெல் 1974-ல் உடைந்த நச்சுவாயுக் கலனை அடைக்கப்போய் அந்த வாயுவை சுவாசித்தார். 1982-ல் எழுத்தாளர் ஜிம் ஸ்டார்லின் அதைப் புற்றுநோயாக எழுதினார். கையிலிருந்த, சக்தி தரும் நெகா வளையங்கள் நோயைத் தள்ளிவைத்தன, அதே வளையங்கள் மருந்தையும் வேலை செய்யவிடவில்லை. சண்டையில்லாமல் கட்டிலில் இறந்தார். இடையில் சில முறை தலைகாட்டினாலும் நிலையாக யாரும் எழுப்பவில்லை.

எழுப்பாததற்குக் கதையின் தரம் ஒரு காரணம், டிரேட்மார்க் இன்னொன்று. காப்பிரைட்டுக்குக் காலக்கெடு உண்டு. 1938-ல் வந்த சூப்பர்மேன் முதல் கதை 2034 தொடக்கத்தில் அமெரிக்காவில் பொதுவுடைமை ஆகிறது. டிரேட்மார்க்குக்குக் கெடு கிடையாது, ஆனால் பயன்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஃபாசெட் நிறுவனம் தன் கேப்டன் மார்வெலை 1953-ல் நிறுத்தியது, 1967-ல் அந்தப் பெயரை மார்வெல் பிடித்துக்கொண்டது. ஃபாசெட்டின் ஆளை டிசி 1973-ல் திரும்பக் கொண்டுவந்தபோது அட்டையில் ஷஸாம் என்றுதான் போட முடிந்தது. அப்படிக் கிடைத்த பெயரை மார்வெல் சும்மா விடுமா? தங்கள் கேப்டன் மார்வெல் இறந்த 1982-லேயே அதை மோனிகா ராம்போ என்ற புது ஹீரோயினுக்குக் கொடுத்துவிட்டார்கள். பெயர் புழக்கத்தில் இருந்ததால் மனிதர் நிம்மதியாகச் சாக முடிந்தது.

கே: சின்ன வயதில் படித்த வேதாளர் சாகவே மாட்டார் என்பார்களே, அது எந்தக் கணக்கு?

ப: ஃபாண்டம், 1936 பிப்ரவரியில் லீ ஃபாக் தொடங்கியது. கதையில் வரும் வேதாளர் 21-வது ஆள். 1536-லிருந்து அப்பா செத்ததும் மகன் அதே முகமூடியைப் போட்டுக்கொள்கிறான், காட்டு மக்களுக்கு அவர் சாகாதவர். மார்வெலும் டிசியும் குழி, கூடு, முட்டை என்று தேடியதை லீ ஃபாக் முதல் வருடத்திலேயே தீர்த்துவிட்டார். பாலத்தில் தள்ளினாலும் சரி, குண்டு வைத்தாலும் சரி, மண்டையோட்டுக் குகையில் அடுத்த கல்லறைக்கு இடம் இருக்கிறது.