நகைக்கு இன்னும் 80 ஆயிரம் தருகிறார்களாம், வாங்கலாமா?

கேள்வி (2020 செப்டம்பர், கொரோனா காலம்): வணக்கம் சார். நாங்கள் தங்கச்சிமடம். வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். மார்ச் கடைசியில் ஊரடங்கு, அது முடிவதற்குள் மீன்பிடித் தடைக்காலம், ஜூனில் கடலுக்குப் போக விட்டபோது இறாலுக்கும் கணவாய்க்கும் விலை இல்லை. போன டிசம்பரில் 5 பவுனை வங்கியில் வைத்து 1 லட்சம் வாங்கியிருந்தோம், ஆண்டுக்கு 9 சதவீத வட்டி. ஊரடங்கில் சாப்பாட்டுக்காக 20 ஆயிரம் அஞ்சு வட்டிக்கு வாங்கினேன். குழு லோனில் 18 ஆயிரம் பாக்கி, ஆறு மாதமாகக் கட்டவில்லை. இப்போது தங்கம் விலை ஏறியிருப்பதால் நகையை மாற்றி வைத்தால் இன்னும் 80 ஆயிரம் கிடைக்கும் என்று வங்கியில் சொல்கிறார்கள். கத்தாரில் வேலை போய்த் திரும்பி வந்திருக்கும் கொழுந்தனார், அதை வாங்கி என் மகனுக்குக் காதுகுத்து வைத்துவிடலாம், மகளுக்கு ஆன்லைன் வகுப்புக்கு ஒரு போனும் எடுத்துவிடலாம் என்கிறார். எங்கள் அம்மா வீட்டிலோ, எதையும் கட்டாதே, அடுத்த வருஷம் தேர்தல், எல்லாம் தள்ளுபடி ஆகிவிடும் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: வணக்கம் சகோதரி. வாங்குங்கள், ஆனால் 80 ஆயிரத்தையும் அல்ல. 45 ஆயிரம் போதும். அதில் ஒரு ரூபாய்கூட வீட்டுச் செலவுக்கு நிற்காமல் அப்படியே கடன்காரர்களிடம் போய்ச் சேர வேண்டும்.

முதலில் அந்த அஞ்சு வட்டி. நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் என்று வாயால் சொல்லும்போது சின்னதாகத்தான் தெரியும். 20 ஆயிரத்துக்கு மாதம் ஆயிரம், வருஷத்துக்கு 12 ஆயிரம், அதாவது 60 சதவீதம். நீங்கள் வங்கியில் 1 லட்சத்துக்குக் கட்டும் வட்டியே வருஷத்துக்கு 9 ஆயிரம்தான்! ஐந்து மடங்கு பெரிய கடனைவிட இந்தக் குட்டிக் கடன் அதிகமாகத் தின்கிறது. குழு லோன் சுமார் 24 சதவீதம் என்று வைத்தால் அது மாதம் 360. வங்கி வட்டி 750-ஐயும் சேர்த்தால், அசலில் ஒரு காசு குறையாமல் மாதம் 2,110 ரூபாய் வட்டிக்கே போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது மாற்றி வைக்கும் கணக்கைப் பாருங்கள். டிசம்பரிலிருந்து இதுவரை ஒன்பது மாத வட்டி 6,750-ஐப் பிடித்துக்கொண்டுதான் புதுச் சீட்டுப் போடுவார்கள், இதைப் பலர் மறந்துவிட்டுப் போய்க் கவுன்டரில் முகம் சுளிக்கிறார்கள். அதோடு அஞ்சு வட்டிக்காரருக்கு 20 ஆயிரம், குழுவுக்கு 18 ஆயிரம். எல்லாம் சேர்ந்து 44,750. புதுக் கடன் 1,45,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், மாத வட்டி சுமார் 1,090. வட்டி பாதியாகிவிட்டது. மிச்சமாகும் ஆயிரத்தைக் கையில் கிடைக்கும்போதெல்லாம் அந்த நகைக்கடன் கணக்கிலேயே போடுங்கள், ஒரு வருஷம் முடிந்து மொத்தமாகத்தான் கட்ட வேண்டும் என்பது இல்லை, பெரும்பாலான வங்கிகள் நடுவில் கொடுத்தாலும் வரவு வைத்துக்கொள்வார்கள்.

சரி, தருகிறேன் என்பவரிடம் மீதி 35 ஆயிரத்தை ஏன் விட வேண்டும்? உங்கள் 5 பவுன், 40 கிராம். இந்த 2020 ஆகஸ்ட் முதல் வாரத்தில் பவுன் 43 ஆயிரத்தைத் தாண்டியது, இப்போது கொஞ்சம் இறங்கி 40 ஆயிரத்தை ஒட்டி நிற்கிறது. ஆக நகையின் மதிப்பு 2 லட்சம். முன்பெல்லாம் மதிப்பில் 75 சதவீதம்தான் கடன் தரலாம் என்றிருந்ததை ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி 90 சதவீதமாக்கியது, கொரோனா காலத்துக்காக, 2021 மார்ச் 31 வரைக்கும் மட்டும். 1,80,000 என்ற எண் அங்கிருந்து வருகிறது. இதே பவுன் 35 ஆயிரத்துக்கு இறங்கினால் உங்கள் நகை 1,75,000, கடன் 1,80,000! நகையை விற்றாலும் கடன் தீராது. விலை இறங்குமா ஏறுமா என்று எனக்குத் தெரியாது, தெரிந்தவன் மாதிரி வீடியோவில் பேசுகிறவர்களுக்கும் தெரியாது. 1,45,000 என்றால் பழைய 75 சதவீதக் கோட்டுக்குள்ளேயே இருக்கிறீர்கள், தங்கம் விலை பெரிதாக இறங்காமல், வட்டியும் சேராமல் இருந்தால், அடுத்த ஏப்ரலில் விதி பழையபடி ஆனாலும் யாரும் கூப்பிட்டு மேலே பணம் கேட்க வேண்டிய நிலை வராது.

இன்னொன்று. தங்கம் விலை ஏறியதால் வரும் பணம் உங்களுக்கு வந்த வருமானம் அல்ல. படகுக்காரர் டீசலும் ஐஸும் கழித்துக் கொடுக்கும் பங்கு ஒரு ரூபாயும் கூடவில்லையே. கட்டப்போவது அந்தப் பங்கிலிருந்துதான்.

காதுகுத்துக்கு வருவோம், உங்கள் கடிதத்தில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது அதுதான். உங்கள் கொழுந்தனார், வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்து வந்த வந்தே பாரத் விமானத்தில் வந்திறங்கித் தனிமையில் இருந்த நாட்களில் எதிர்வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பேசக்கூட வரவில்லை, மளிகைக்கடைப் பையன் சாமானைப் படியில் வைத்துவிட்டு ஓடினான் என்று கடிதத்தின் கீழே எழுதியிருந்தீர்கள். அந்தக் காயம் இருக்கிறதே, அதற்கு மருந்தாகத்தான் அவர் ஊரைக் கூட்டிச் சோறு போட நினைக்கிறார். நம் வீடு சுத்தம், வந்து சாப்பிடுங்கள் என்று காட்ட. தப்பே இல்லை. நானும் இந்த மாவட்டத்துக்காரன், எங்கள் தெருவிலும் கபசுரக் குடிநீரைக் கையில் வாங்கிக்கொண்டே பக்கத்து வீட்டைப் பார்த்து மூக்கைப் பொத்தியவர்கள் உண்டு. ஆனால் அந்த மருந்தை உங்கள் நகையில் வாங்க வேண்டாம்.

கணக்காகப் பார்த்தாலும் இது நேரமில்லை. கொரோனாவால் கல்யாணத்துக்கே 50 பேர்தான் என்று விதி இருக்கும்போது யாரைக் கூப்பிட்டு யாரை விடுவீர்கள்? மொய் நோட்டை எடுத்துப் புரட்டுங்கள். இத்தனை வருஷமாக ஊரெல்லாம் நீங்கள் எழுதிய மொய் அதில் இருக்கும், 500, 1,000 என்று, ஏதோ ஒரு வீட்டுக்கு ஒரு குத்துவிளக்கு என்று. அது வட்டியில்லாமல், கெடு தேதியில்லாமல் நீங்கள் கொடுத்து வைத்திருக்கும் பணம். 50 பேருடன் விசேஷம் வைத்தால் கூப்பிடாதவர் மொய் எழுத மாட்டார், ஒரு தடவை வைத்த காதுகுத்தை மறுபடி வைக்கவும் முடியாது. வருகிறவர்கள் கையிலும் இப்போது காசில்லை, அவர்களும் உங்களைப்போல எங்காவது வட்டிக்கு வாங்கித்தான் எழுதுவார்கள். பையனுக்குக் காது எங்கும் போகாது. தள்ளிப் போடுங்கள். வைக்கிற வருஷத்திலும், நோட்டில் இருப்பதில் பாதிதான் திரும்பும் என்று நினைத்துச் செலவு செய்யுங்கள்.

போன் வேண்டும்தான், அதற்காக மாதத் தவணைக் கடன் இன்னொன்று வேண்டாம். கத்தாரிலிருந்து வந்தவரிடம் ஒரு நல்ல போன் இல்லாமலா இருக்கும்? காலையில் வகுப்பு நடக்கும் இரண்டு மணி நேரம் அதை அண்ணன் மகள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கல்வித் தொலைக்காட்சியிலும் பாடம் ஓடுகிறது.

தள்ளுபடி. அம்மா வீட்டில் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது ஆபத்து. 2006-லும் 2016-லும் தள்ளுபடி வந்தது, கூட்டுறவு வங்கியில் விவசாயிகள் வாங்கிய பயிர்க்கடனுக்கு. உங்கள் நகை இருப்பது வேறு வங்கியில், குழு லோன் கொடுத்தது தனியார் நிறுவனம். அரசாங்கம் நாளைக்கு எதை அறிவித்தாலும் அது தன் கையில் இருக்கும் கடனுக்குத்தான் முதலில் வரும். அப்புறம், கடன் தவணை கட்ட ரிசர்வ் வங்கி அனுமதித்து, ஆகஸ்ட் 31-உடன் முடிந்த அந்த ஆறு மாத அவகாசத்தை நம் பக்கம் நிறையப் பேர் தள்ளுபடி என்றே நினைத்துவிட்டார்கள். மார்ச் 1 முதல் தவணைக்குத்தான் விடுமுறை விட்டார்கள், வட்டி ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. வட்டிக்கும் வட்டி போடலாமா என்ற வழக்கு இந்த 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் நடக்கிறது, அதில் நல்லது வந்தால் வரட்டும், அதை நம்பிக் கட்டாமல் இருக்காதீர்கள். குழு லோனை முடிக்கப் போகும்போது அந்த 18 ஆயிரத்தில் ஆறு மாத வட்டி சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று கேட்டு, கணக்கைத் தாளில் வாங்குங்கள். வசூலுக்கு வரும் பையன் வாயால் சொல்லும் எண்ணுக்குப் பணம் கொடுக்காதீர்கள். முடித்ததும் கடன் தீர்ந்த சான்று. அஞ்சு வட்டிக்காரரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரமோ வெற்றுக் காசோலையோ இருந்தால் பணத்தை நீட்டும் அதே நிமிஷம் அதைத் திரும்ப வாங்கிவிடுங்கள், நாளைக்குத் தருகிறேன் என்றால் பணமும் நாளைக்கு.

மீனவர்களுக்கு 2 லட்சம் வரை கிசான் கிரெடிட் கார்டு வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால், அது படகு சொந்தமாகவோ குத்தகைக்கோ வைத்து, பதிவும் உரிமமும் உள்ளவர்களுக்கு. பங்குக்குப் போகிறவருக்குக் கிடைப்பது கடினம். கமிஷன் என்று முன்னால் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

வங்கிக்குப் போகும்போது வீட்டுக்காரரின் பாஸ்புக்கையும் எடுத்துப் போய் என்ட்ரி போடுங்கள். மே மாதக் கடைசியில் 12 ரூபாயும் 330 ரூபாயும் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். 2020 கட்டணப்படி 12 ரூபாய் விபத்துக் காப்பீடு, 330 ஆயுள் காப்பீடு, இரண்டும் தலைக்கு 2 லட்சம். அந்த வாரம் கணக்கில் பணம் இல்லாமல் இருந்திருந்தால் இரண்டும் நின்றுபோயிருக்கும், ஊரடங்கில் பல வீட்டில் அப்படித்தான் நடந்திருக்கிறது. கடலுக்குப் போகிறவருக்கு இது இல்லாமல் இருக்கக்கூடாது, நின்றிருந்தால் அன்றைக்கே மறுபடி சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். உங்கள் பெயரில் ஜன்தன் கணக்கு இருந்தால் ஊரடங்கு உதவியாக அரசு போட்ட 500 ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் விழுந்ததா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

நகைச் சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நேரில் வர வேண்டும். வீட்டுக்காரர் பெயரில் என்றால் படகு கரையில் நிற்கும் நாளாகப் பார்த்துக் காலையிலேயே போங்கள், நகை மதிப்பீட்டாளர் மதியத்துக்கு மேல் இல்லாமல் போகலாம். ஆதாரும் பழைய சீட்டும் மறக்க வேண்டாம்.